துளைப்பான் குடிவந்த ஊர்

காபிக்காயைத் தின்று தீர்த்த துளைப்பான் பூச்சி ஈச்சமுடி மலையில் மனுசர்களின் தொப்புளுக்குள் குடியேறிய அந்த வருஷத்தில், ஊரில் யாரும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொண்டவள் குருவம்மாள் ஒருத்திதான், அவளுக்கும் முதல் நாள் வந்தது பயம் இல்லை, குமட்டல்.

காலையில் பாயைச் சுருட்டப் போனவள், புருஷன் தவசி படுத்திருந்த இடத்தில் ஒரு பிடி பழுப்புத் தூள் கிடப்பதைப் பார்த்தாள். உத்திரத்தை ஏதோ அரிக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாள், உத்திரம் நன்றாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தாள். மல்லாந்து கிடந்தவன் தொப்புளின் நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு துளை, அவன் மூச்சு விட விட அதிலிருந்து தூள் கசிந்தது, பின்னாலேயே எள்ளில் பாதி இருக்கும் ஒரு கறுப்புப் பூச்சி, புட்டத்தை முதலில் நீட்டி, மிச்சத் தூளையும் வெளியே தள்ளிவிட்டு, குப்பையைக் கொட்டிய வீட்டுக்காரி மாதிரி சாவகாசமாகத் திரும்பி உள்ளே போனது. குருவம்மாள் கொல்லைக்கு ஓடி, முந்தின நாள் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள்.

"வலிக்குதா மாமா?" என்று கேட்டாள், வாயைத் துடைத்துக்கொண்டு வந்து.

"வலியா? கிச்சுகிச்சு மூட்டுற மாதிரி இருக்கு புள்ள" என்று சொல்லிவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு தவசி தோட்டத்துக்குப் போய்விட்டான்.

இது எப்படி வந்தது என்று கேட்டால் ஈச்சமுடியில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், அம்மன் கோபம் என்பான் ஒருத்தன், காற்றில் வந்தது என்பான் இன்னொருத்தன், ஆனால் காரணம் எல்லார் கண்ணுக்கும் முன்னால் மண்ணில் கொட்டிக் கிடந்தது. பழம் பறித்து முடித்ததும், செடியில் தப்பிய காய், செடிக்கடியில் உதிர்ந்த காய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி வெந்நீரில் முக்கிவிட வேண்டும், விட்டால் துளைப்பான் அதற்குள்ளேயே உட்கார்ந்து பிள்ளைகுட்டி பெற்று அடுத்த காய்ப்புக்குக் காத்திருக்கும். இது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். காபி ஆபீசர் ஜீப்பில் வந்து சாவடியில் படம் போட்டும் காட்டினார். கேட்டுக்கொண்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், மரியாதையாக வழியனுப்பினார்கள். ஆனால் குனிவது யார்? ஈச்சமுடியில் உதிரி பொறுக்குவது நாதியற்றவர்கள் செய்கிற வேலை. தோட்டக்காரன் தன் செடிக்கடியில் தானே குனிந்து உதிரி எடுத்தான் என்று தெரிந்தால் அவன் வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், அவன் வீட்டுப் பெண்ணை எடுக்கவும் மாட்டார்கள். முன்னே கீழ்க்காட்டிலிருந்து புருஷனை இழந்த பெண்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து பொறுக்கிப் போவார்கள், அது அவர்களுக்கு என்று ஊர் விட்டுவைத்திருந்தது. அவர்கள் அடிவாரத்து மில்லுக்கு வேலைக்கு இறங்கிப் போனபிறகு உதிரி கிடந்த இடத்திலேயே கிடந்தது, அழுகியது, பூச்சி பெருகி அடுத்த வருஷக் காயில் பாதியைத் தின்றது, அதற்கடுத்த வருஷம் முழுசையும் தின்றது. தின்ன ஒன்றும் இல்லாமல் போன பூச்சி எங்கே போகும்? அதற்கும் வயிறு இருக்கிறதே. தன் மண்ணில் குனிய வெட்கப்பட்ட ஜென்மங்களைத் தேடி வந்தது.

குருவம்மாளுடைய அம்மா அப்படி உதிரி பொறுக்கிப் பிழைத்தவள்தான். அவள் மகளைத்தான் கட்டுவேன் என்று தவசி சாப்பிடாமல் கிடந்து அடம்பிடித்து, அக்கா செல்வராணியோடு சண்டை போட்டுக் கட்டினான். செல்வராணி ஒரே ஒரு பேச்சுதான் சொன்னாள், "கட்டிக்கோ, ஆனா அவ நம்ம தோட்டத்துல ஒருநாளும் குனியக் கூடாது." குருவம்மாளும் குனியவில்லை. கையிலிருந்த பழம் தவறி விழுந்தால்கூட அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து நடப்பாள். காய் அழுகி பூச்சி மொய்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கும், முந்தானையில் கையைச் சுருட்டிக்கொள்வாள்.

பூ மழை பெய்து காய் பிடிப்பதற்குள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் துளை விழுந்துவிட்டது. ஊர் அதைச் சளி பிடித்த மாதிரி ஏற்றுக்கொண்டது. விடிந்தால் பெண்கள் வாசலில் தண்ணீர் தெளிப்பதற்கு முன்னால் பாய்த்தூளைக் கூட்டி முறத்தில் அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டினார்கள். டெய்லர், இடுப்பில் கட்டித் தொப்புளுக்கு நேராகத் தொங்கவிட்டுக்கொள்ள நாடா வைத்த ஒரு பை தைத்தார், அதற்குத் தூள்பை என்று பெயர் வந்தது, தீபாவளிக்கு ஜாக்கெட்டுக்குப் பொருத்தமாக அதே துணியில் தூள்பை தைத்துக்கொண்டார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவன் பையைக் கழற்றி உதறுவான், பக்கத்தில் இருக்கிறவன் கிளாசில் தூள் விழும், அவன் விரலை விட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, "இன்னைக்கு டீ கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்பான். கருமம். நர்சம்மா மலையேறி வந்து எல்லார் தொப்புளுக்கும் ஊதா மருந்து தடவினார், மறுமாசம் வந்தபோது அவர் சேலையிலிருந்தும் தூள் உதிர்ந்தது, அதற்குப் பிறகு அவர் மருந்து கொண்டுவரவில்லை, சும்மா வந்து பேசிச் சிரித்துவிட்டுப் போனார்.

தூள் போகப் போக ஆட்கள் லேசாகிக்கொண்டே வந்தார்கள். கொண்டை ஊசி வளைவில் முக்கி முனகி ஏறும் பஸ், ஈச்சமுடி ஆட்களை ஏற்றிக்கொண்டால் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. ஆடிக்காற்றுக்கு ஆண்கள் சட்டைப்பையில் கல்லைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். திருவிழாவில் அம்மன் சப்பரத்தைத் தூக்கப் போனவர்களைச் சப்பரம்தான் தரையில் பிடித்து வைத்திருந்தது. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளைக்குத் துளை வட்டமாக இருக்கிறதா என்று விசாரித்தார்கள், கோணலாக இருந்தால் தயங்கினார்கள். நாலு பேர் கூடியிருந்து பேச்சு ஓய்ந்தால், வயிற்றுக்குள் கறுக் கறுக்கென்று கடிக்கிற சத்தம் கேட்கும். ஊர் முழுக்க, மழையில் ஊறிய காபித்தோல் குழியின் புளித்த நாற்றம். அதில்தான் உட்கார்ந்து தின்றார்கள், அதில்தான் கட்டிப்பிடித்துப் படுத்தார்கள், பிள்ளை பெற்றார்கள்.

இதை ஏன் பொறுத்துக்கொண்டார்கள் என்றால், அந்த வருஷம் காபி தப்பித்துவிட்டது. பூச்சிக்கு ஆள் கிடைத்தபிறகு காயை அது திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு துளை இல்லை, ஒரு சொத்தை இல்லை, கிளை தாங்காமல் காய்த்துக் கிடந்தது. இன்னொன்று, யாருக்கும் மனசில் பாரமே இல்லை. வரப்புச் சண்டை நின்றுபோனது. செத்த வீட்டில் ஒப்பாரி வைக்கப் போன பெண்கள் பாதியில் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஊர்த்தலைவர் வையாபுரி, "நம்ம மலைக்கு ஒரு நல்ல காலம் வந்திருக்கு" என்று சாவடியில் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள், தலையாட்டிய வேகத்தில் தூள் பறந்து ஆளுக்கு ஆள் தும்மினார்கள்.

மிச்சப் பேருக்கும் துளை விழுந்தபிறகும் குருவம்மாளுக்கு மட்டும் ஏன் விழவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். காலையிலும் சாயந்திரமும் கதவைச் சாத்திக்கொண்டு, ஊக்கால் தன் தொப்புளைக் கிளறி, உள்ளே போகப் பார்க்கிற பூச்சியைக் குத்தி எடுத்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள், நாலு வயசு மகள் பவளத்துக்கும் அப்படியே செய்தாள். அடுப்பில் அது பொட்டென்று வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டு அவளுக்குச் சோறு இறங்காமல் போன நாட்கள் உண்டு.

புருஷனை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறாள். சிரித்துக்கொண்டுதானே இருக்கிறான், அடிக்கிறானா, வைகிறானா? ஆனால் அவள் கட்டிக்கொண்டது இவனை இல்லை. அவள் கட்டிய தவசிக்கு மூக்கு நுனியில் கோபம், குழம்பில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான், போனவன் பாதி வழியில் திரும்பி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ சாப்பிட்டியா இல்லையா?" என்று கேட்பான். நடந்தால் தரை அதிரும். பவளம் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊர் பார்க்க அழுதவன். அவள் அம்மாவை ஒருத்தன் கேலி பேசினான் என்று அவன் பல்லை உடைத்தவன்.

ஐப்பசியில் ஒருநாள் பவளம் அடுப்படியில் வெந்நீர்ச் சட்டியைக் காலில் கவிழ்த்துக்கொண்டாள். பிள்ளை கத்திய கத்தலில் குருவம்மாள் ஓடிவந்து தூக்கினாள், தோல் வழன்று கையோடு வந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த தவசி எட்டிப் பார்த்தான். "ஆறிரும் புள்ள" என்று சொல்லிச் சிரித்தான். சிரித்தான். குருவம்மாள் பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் அவன் நெஞ்சில் ஓங்கிக் குத்தினாள், காலி டின்னைத் தட்டிய சத்தம்தான் வந்தது, அதற்கும் அவன் சிரித்தான்.

மறுநாள் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அவனை மல்லாக்கப் படுக்கப் போட்டாள். பக்கத்தில் ஒரு சட்டி கொதிக்கிற தண்ணீர். ஊக்கை வளைத்துக் கொக்கியாக்கி, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, அவன் தொப்புளுக்குள் விட்டாள். முதலில் வந்தது ஒரு பிசுபிசுப்பு, அழுகிய பழச்சாறு மாதிரி. பிறகு கறுப்புப் பூச்சி, அதன் பின்னாலேயே கால் இல்லாத வெள்ளைப் புழுக்கள், வேகவைத்த அரிசியின் முனை மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி. ஒவ்வொன்றையும் கொக்கியில் இழுத்துத் தண்ணீரில் போட்டாள், இடையில் எழுந்து போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடி போட்டாள். கடைசிப் புழு வந்ததும் தவசியின் உடம்பு பாயில் தொம்மென்று அமுங்கியது. கண்ணைத் திறந்தான். பிள்ளை காலைப் பார்த்தான். கட்டுப் போட்ட அந்தக் காலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவன் அழுத அழுகை இருக்கிறதே, அதைக் கேட்டுக் குருவம்மாளுக்கு உயிர் வந்தது. "நான் எங்க போயிட்டேன் குருவு?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அவள் கையை அவன் விடவே இல்லை.

பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து செல்வராணி சட்டினி கேட்டு வந்தாள், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினாள், அவள் தூள்பையிலிருந்து பறந்த பூச்சிகள் காலியாகக் கிடந்த தவசியின் தொப்புளுக்குள் புகுந்துவிட்டன. விளக்கு வைக்கும்போது தவசி பழையபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு தோட்டத்தைச் சுத்தமாக வைத்து என்ன செய்ய, வேலிக்கு அந்தப்பக்கம் உதிரி கிடந்தால்? இது குருவம்மாளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். எடுத்தால் ஊரையே ஒருசேர எடுக்க வேண்டும். சாவடிக்குப் போனாள்.

"அய்யா, எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பார்த்து எடுத்துவிட்டா ஒரே நாள்ல தீர்ந்துபோகும்யா" என்றாள்.

வையாபுரி தூள்பையைத் தடவிக்கொண்டு, "எதுக்குத்தா எடுக்கணும்? நல்லாத்தான இருக்கோம்" என்றார்.

"பிள்ளைகளுக்கும் வரும்யா."

"வரட்டுமே. பிள்ளைகளும் சந்தோசமா இருக்கட்டும்."

"குனிஞ்சா தூள் மூஞ்சியில கொட்டும், அத யாரு செய்வா?" என்றார் டெய்லர். எல்லாரும் சிரித்தார்கள். யாருக்கும் கோபம் இல்லை, யாருக்கும் எதிலும் பிடிப்பும் இல்லை, சுவரோடு பேசுவதும் அவர்களோடு பேசுவதும் ஒன்று. கடைசியில் வையாபுரிதான் சொன்னார், "உனக்கு ஆசையா இருந்தா நீயே எடுத்துக்க தாயி. நாங்க படுத்துக்கிறோம்."

அத்தனை வருஷம் கையைச் சுருட்டி வைத்திருந்த குருவம்மாள் அன்றைக்குத்தான் முந்தானையை இடுப்பில் செருகினாள். மார்கழிப் பனி இறங்கட்டும் என்று காத்திருந்தாள், பனிக்குத் துளைப்பான் பறக்காது, வீடு விட்டு வீடு போகாது. பனி இறங்கியதும் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, கொக்கியை எடுத்துக்கொண்டு, தெருவின் மேல்முனையிலிருந்து ஆரம்பித்தாள். வெந்நீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தவசி கூடவே வந்தான், அவனுக்கு அது வேடிக்கை. அவள் ஒரு புழுவை இழுத்துப் போட்டால், "அடேயப்பா, இது நல்ல கொழுத்தது" என்று சட்டியை நீட்டிப் பிடிப்பான். அவளுக்கு மூக்கு ஒழுகினால் தன் துண்டால் துடைத்துவிடுவான்.

என்னென்ன தொப்புள்களைப் பார்த்தாள். ஊதா மருந்து காய்ந்து பக்குக் கட்டிய தொப்புள், விபூதி அப்பிய தொப்புள், நாலு பிள்ளை பெற்றுத் தொங்கிய வயிற்றின் மடிப்புக்குள் தேடி எடுக்க வேண்டிய தொப்புள், திறந்த மாத்திரத்தில் சீழோடு முகத்தில் பீறியடித்த தொப்புள். மண்டியிட்டு, வயிற்றுக்கு மேல் மூஞ்சியை வைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும், மூச்சு விட்டாலும் தூள் வாய்க்குள் போகும். நாக்கில் அந்தக் கசப்பு ஒட்டிக்கொண்டு குடிக்கிற தண்ணீரில்கூட அடித்தது. நகக்கண்ணில் பழுப்பு ஏறியது, சீயக்காய் போட்டாலும் போகவில்லை, புளி போட்டாலும் போகவில்லை. படுத்துக்கிடந்த பெரிய மனுசர்கள் எல்லாம் கூச்சத்தில் நெளிந்து சிரித்தார்கள், அவள் அழுதுகொண்டே எடுத்தாள்.

வேலை முடிந்து ஒவ்வொரு உடம்பும் பாயில் தொம்மென்று அமுங்கும். கனம் திரும்பி வரும். கனத்தோடு முதலில் எது திரும்பி வந்தது தெரியுமா? நன்றி இல்லை. அருவருப்பு. டெய்லர் எழுந்து உட்கார்ந்ததும் அவள் கையைப் பார்த்தார், சட்டியில் மிதந்ததைப் பார்த்தார், "சீ" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். எல்லா வீட்டிலும் அதுவே. தன் வயிற்றிலிருந்து வந்தது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அவள் கையில் இருந்தது என்றுதான் தோன்றியது. வையாபுரி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, முகத்தைத் திருப்பியபடி, "போறப்ப பின்வாசல் வழியாப் போத்தா" என்றார். செல்வராணி வயிற்றை மஞ்சள் போட்டுக் கழுவினாள், தம்பி பெண்டாட்டி உட்கார்ந்த இடத்தையும் சாணி போட்டு மெழுகினாள்.

"என்ன மதினி இது?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"பின்ன என்ன செய்யச் சொல்ற? பழக்கம் போகாதுன்னு நான் அன்னைக்கே தம்பிகிட்ட சொன்னேன். ஊர் அசிங்கத்தை எல்லாம் அள்ளின கை. இனிமே எங்க வீட்டு அடுப்படிக்கு வராத."

தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர் சாமானைப் பலகையில் வைத்துத் தள்ளிவிட்டார். சுத்தமான தொப்புள்கள் தலை நிமிர்ந்து தெருவில் நடந்தன, வரப்புச் சண்டை மறுபடி ஆரம்பித்தது, தூள்பைகளை எல்லாம் கொளுத்தினார்கள், அப்படி ஒன்று நடந்ததாகவே பேசிக்கொள்ளவில்லை. குருவம்மாளுக்கு அவர்களைப் பார்க்கப் பார்க்க, உள்ளே புழு நெளிந்தபோது வந்த குமட்டலைவிடப் பெரிய குமட்டல் வந்தது. புழுவாவது பசிக்குத் தின்றது.

அவள் வயிற்றைப் புரட்டாத ஒரே மனுசன் வீட்டில் இருந்தான். ஊரில் பூச்சி எடுக்காமல் மிச்சம் இருந்ததும் அவன் ஒருத்தன்தான், சட்டி தூக்க ஆள் வேண்டும் என்று கடைசிக்கு வைத்திருந்தாள். சாயந்திரம் அவள் சோறு பிசைந்து கொடுத்தால் அந்தப் பழுப்பேறிய விரல்களோடு சேர்த்து வாயில் வாங்கிக்கொண்டு, "குருவு கைச்சோறுன்னா தனி" என்று சிரித்தான். தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டு பஞ்சுமாதிரி கிடந்தான். அவள் கையைத் தொட இந்த மலையில் அவனைத் தவிர ஆள் இல்லை.

எடுத்தால் இவனும் கனத்துப் போவான். கனத்தோடு முதலில் எது வரும் என்பதை வீடு வீடாகப் பார்த்துவிட்டாள். எடுக்காமல் விட்டால், பனி விலகினதும் இவன் ஒருத்தனிடமிருந்து ஊர் முழுக்கப் பறக்கும். பறக்கட்டுமே, நாசமாய்ப் போகட்டுமே என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகும் தை பிறக்கும்வரை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டு இருந்தாள், கொக்கியை அரிசிப்பானைக்குள் போட்டு மூடி வைத்தாள். அதுவரை அவள் வாழ்ந்ததிலேயே நிம்மதியான நாட்கள் அவைதான், அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை.

பனி விலகத் தொடங்கிய ஒரு காலையில் பவளத்துக்குச் சட்டை மாற்றும்போது, பழைய சட்டையின் உட்பக்கத்தில் பழுப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. பிள்ளை முந்தினநாள் அப்பன் வயிற்றில் படுத்துத் தூங்கியிருந்தது. குருவம்மாள் பிள்ளையின் தொப்புளைத் துழாவி, பாதி நுழைந்திருந்த பூச்சியைக் குத்தி எடுத்தாள். "வலிக்குதா தங்கம்?" என்று கேட்டாள். வலியில் அழ வேண்டிய பிள்ளை, "கிச்சுகிச்சு" என்று சொல்லிச் சிரித்தது.

அவள் பானைக்குள் கையை விட்டுக் கொக்கியை எடுத்தாள், தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள்.

"மாமா, படுங்க."

"என் முறையா?" என்று உற்சாகமாகப் படுத்தான் தவசி. அவள் எடுக்க எடுக்க, சட்டியைத் தானே வயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டான். பாதி வேலையில் அவன் சிரிப்பு குறைந்தது. முக்கால்வாசியில் சட்டியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டான். கடைசிப் புழுவை இழுத்து அவள் வெந்நீரில் போட்டபோது தரை அதிரும்படி பாயில் அமுங்கினான், எழுந்து உட்கார்ந்தான், வேட்டியை இழுத்து வயிற்றை மூடினான். அவளை ஏறிட்டுப் பார்த்தான். மேல்முனையிலிருந்து கீழ்முனை வரைக்கும் அவள் மண்டியிட்ட ஒவ்வொரு வயிறும் அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது, சட்டி பிடித்துக்கொண்டு கூட நின்றவன்தானே.

அவள் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கையை உரசி உரசிக் கழுவிவிட்டு வந்து, சோறு போட்டு அவன் முன்னால் வைத்தாள், பிள்ளைக்கு ஒரு உருண்டை பிடித்து நீட்டினாள்.

"அவ கையில வாங்காத" என்றான் தவசி பிள்ளையிடம். குரலில் பழைய கனம், பழைய கோபம். எத்தனை மாசம் கழித்துக் கேட்கிற குரல்.

"எதுக்கு மாமா?"

"ஊர்ல உள்ள ஒவ்வொருத்தன் வயித்துலயும்..." தட்டைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினான். அவன் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது, அதோடு சேர்ந்து அழுகிற சத்தமும் கேட்டது. இரண்டும் ஒரே ஆளிடமிருந்து ஒரே நேரத்தில் வந்தன.

பிள்ளை அப்பனையும் பார்த்தது, அம்மாவையும் பார்த்தது, பசியில் வாயைத் திறந்தது. குருவம்மாள் உருண்டையை அதன் வாயில் வைத்தாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீர் மொண்டுகொண்டு வாசலுக்குப் போனாள்.

தவசி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். செம்பைப் பார்த்தான், அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தான். வாங்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குழித்து வாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு, செம்பில் படாமல் தள்ளி நின்று, முதுகை வளைத்துக் குனிந்தான்.

உதிரி பொறுக்க வருகிற பெண்கள் தாகமென்று கேட்டால், ஈச்சமுடியில் பின்வாசலில் வைத்து அப்படித்தான் அவர்களைக் குனிந்து கையேந்தச் சொல்லி, மேலே இருந்து ஊற்றுவார்கள். அவள் அம்மா எத்தனையோ வீட்டு வாசலில் அப்படி நின்று குடித்ததைச் சின்ன வயசில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். தோட்டக்காரன் ஒருத்தன் அப்படிக் குனிந்து நின்று அவள் பார்த்ததில்லை.

குருவம்மாள் செம்பை உயரத் தூக்கினாள். ஊற்றினாள். அவன் குடித்து முடித்துப் போதும் என்று தலையாட்டியபிறகும், செம்பு காலியாகிறவரை, அவன் குனிந்த தலைமேல் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.